விதைநெல் மூட்டையை நனைக்கும் நாய்க்குட்டி

கேள்வி: ஐயா, பர்மாவில் பெகு பக்கத்திலிருந்து எழுதுகிறேன். களத்துக் காவலுக்கென்று சந்தையில் ஒரு நாய்க்குட்டி வாங்கி வந்தேன். இரண்டு மாதம் இருக்கும். வேறெங்கும் போகாமல் நேராக வந்து விதைநெல் மூட்டைமேல்தான் மூத்திரம் பெய்கிறது. அடித்தும் பார்த்தேன், மூக்கை அதிலேயே தேய்த்தும் பார்த்தேன். கடையில் பாச்சை உருண்டை கொடுத்து மூட்டையைச் சுற்றிப் போடச் சொன்னார்கள். மழை பிடித்துவிட்டது, நாற்று விட வேண்டும். வேறு நல்ல மருந்து உண்டா?

பதில்: தம்பி, முதலில் அந்த உருண்டைகளைப் பொறுக்கி எடுங்கள். குட்டி விழுங்கினால் ரத்தம் கெட்டு உயிருக்கே ஆபத்து. குட்டி இருக்கிற வீட்டுக்கு அதை விற்றவரிடம் இனி யோசனை கேட்காதீர்கள்.

மருந்து இருக்கட்டும், ஏன் மூட்டைமேல் மட்டும் என்று யோசித்தீர்களா? சந்தையில் குட்டி விற்பவர்கள் கூடையில் கோணிச் சாக்கை விரித்து நாலைந்தை அடைத்து வைக்கிறார்கள். தின்பது, தூங்குவது, பேள்வது எல்லாம் அந்தச் சாக்கில்தான். தாயோடு வளரும் குட்டி மூன்று வாரத்திலேயே படுக்கையை விட்டுத் தள்ளிப் போய் ஒதுங்கும். கூடைக் குட்டிக்கு ஒதுங்க ஏது இடம்? எட்டு, ஒன்பது வாரத்துக்குள், காலடியில் எது பட்டால் போகலாம் என்பது மனதில் பதிந்துவிடும். உங்கள் குட்டிக்குச் சாக்கு பதிந்திருக்கிறது. அதற்குப் போய் அடி வாங்குகிறது, பாவம். அடித்தால் உங்கள் கண்ணுக்கு மறைவாகப் போகக் கற்குமே தவிர நிற்காது. அடுத்த முறை ஊரில் குட்டி போட்ட நாயைப் பார்த்து, எட்டு வாரம் தாயோடு இருந்த பிறகு கேட்டு வாங்குங்கள். கூடை வியாபாரியிடம் வாங்கவே வாங்காதீர்கள்.

இப்போது செய்ய வேண்டியது: மூட்டைகளைப் பலகைமேல் ஏற்றி, சுற்றி மூங்கில் தட்டி வையுங்கள். குட்டியின் படுக்கையிலும் சாக்கு வேண்டாம், பழைய லுங்கி போதும். மழை படாத இடமாக, தூண்மேல் நிற்கும் வீட்டுக்கு அடியில் ஒரு மூலையில் மண்ணைக் கொட்டி, மூத்திரம் நனைந்த சாக்கில் கையகலம் வெட்டி மண்ணுக்குள் பாதி புதையுங்கள். நாளாக நாளாகத் துண்டைச் சிறிதாக்கி எடுத்துவிடலாம். உமி மட்டும் போடாதீர்கள்; பிறகு களத்தில் நெல்மேலும் போகும். தூங்கி எழுந்ததும், தின்றதும், விளையாடி முடித்ததும் அங்கே தூக்கிப் போங்கள். இந்த வயதில் இரண்டு மூன்று மணி நேரத்துக்குமேல் அடக்காது, இரவிலும் ஒருமுறை எழத்தான் வேண்டும். போன உடனே, அங்கேயே ஒரு துண்டு கருவாடு கொடுங்கள்.

அந்த மூலை கீரைப் பாத்திக்குப் பக்கத்தில் வேண்டாம். நாயின் உருண்டைப்புழு முட்டை மண்ணில் வருஷக்கணக்கில் கிடந்து பிள்ளைகளுக்கு வரும். குடற்புழு மருந்தை இப்போதே கொடுங்கள், மூன்று மாதத்தில் வெறிநாய்த் தடுப்பூசி.

நனைந்த மூட்டை விதையைத் தனியே பிரித்துக் காயவையுங்கள். அதில் நூறு நெல்லை ஈரத்துணியில் முடிந்து வையுங்கள். எண்பதுக்குக் குறைவாக முளைத்தால் நாற்றங்காலில் விடாதீர்கள்.