முதல் மெஸ்கால் வெறும் புகையாகத் தெரிந்தால்

மெக்சிகோவின் மதுவான மெஸ்காலை ஒரே மடக்கில் குடித்தேன், தொண்டை எரிந்தது, புகையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை என்கிறீர்கள். அந்த ஒரே மடக்குதான் தப்பு. பல புட்டிகளில் ஆல்கஹால் 45 சதவீதத்தைத் தாண்டும், எரியாமல் என்ன செய்யும்?

அகாவே கற்றாழையின் நடுப்பகுதியை மண்குழியில், சூடான கற்கள் மேல் நாள்கணக்கில் வேகவைப்பதால் வரும் புகை அது. நாக்கு பழகினால் பின்னுக்குப் போய்விடும். முதல் சொட்டில் உதட்டையும் நாக்கையும் நனைத்துவிட்டுச் சும்மா இருங்கள். இரண்டாவது வாயிலிருந்துதான் சுவை தெரியும்: பழம், மிளகு, சில சமயம் ஈரமண். ஐஸ் வேண்டாம். மெக்சிகோவின் வஹாக்கா மாநிலத்தில் ஆரஞ்சுத் துண்டும் புழு அரைத்துச் சேர்த்த உப்பும் தொட்டுக்கொள்வார்கள். உப்பில்லாத ஆரஞ்சே போதும்.

அப்புறம், எஸ்பதீன் என்ற அகாவே வகையில் செய்த மெஸ்காலிலேயே தொடங்குங்கள். காட்டு அகாவேயான தோபலா விலை அதிகம், இப்போதைக்கு வீண்செலவு.