மாரிகாலத்தில் ஊர் நிலத்தைப் படமெடுத்தல்: கேள்வி பதில்

சாவகச்சேரியிலிருந்து ஓர் ஆசிரியை: கனடாவில் இருக்கும் தம்பி ஒக்டோபரில் சிவந்த மரங்களின் படங்களை அனுப்புகிறார். இலையுதிர்காலமே இல்லாத நமது ஊரில் இம்மாதங்களில் படமெடுக்க என்ன இருக்கிறது?

பகல் குறுகிக் குளிர் தொடங்கும்போது இலைகளிலுள்ள பச்சையம் சிதைவதாலேயே அங்கு மரங்கள் நிறம் மாறுகின்றன. அந்தக் குளிர் இல்லாத இடத்தில் அந்த நிறத்தைத் தேடுவது வீண். ஐப்பசியையும் கார்த்திகையையும் கூதிர் என்று பிரித்துச் சொன்ன நமக்கு இது உதிர்வின் காலமன்று. கோடை முழுவதும் காய்ந்து கிடந்த தரவையில் புல் பிடிக்கும், பெரும்போக நெல் வரம்பை மறைக்கும், கதியால் வேலிகளில் கார்த்திகைப்பூ மஞ்சளாக விரிந்து சில நாட்களில் முழுவதும் சிவந்துவிடும். நிறமாற்றம்தான் வேண்டுமென்றால், உங்கள் வேலியிலுள்ள ஒரே பூவை ஒரே இடத்தில் நின்று நாள்தோறும் எடுத்துப் பாருங்கள்.

மானிப்பாயிலிருந்து ஒரு மாணவர்: ஐயா, வயல் சரியாக வந்தால் வானம் வெளுத்துவிடுகிறது, வானம் சரியானால் வயல் கறுத்துவிடுகிறது.

மழை முகிலுக்கும் நிலத்துக்கும் இடையிலான ஒளி வேறுபாடு கமரா ஒரே படத்தில் பதியக்கூடிய வீச்சை மீறும்போது இது நேர்கிறது. முகில்களில் விபரம் கெடாத அளவுக்கு ஒளியைக் குறைத்து, ரோ கோப்பாக (கமரா சுருக்காமல் சேமிக்கும் மூலக் கோப்பாக) எடுத்து, நிழற்பகுதியைப் பின்னர் உயர்த்துங்கள். வானம் வெறும் சாம்பலாகவே இருந்தால் அதைப் படத்திலிருந்து நீக்கிவிடுவதே என் வழக்கம்.

அவரே மீண்டும்: வில்லையின் முன் பொருத்தித் திருப்பும் போலரைசர் கண்ணாடி வாங்குவது பயனுள்ளதா?

நனைந்த நெல்லிலை வானத்தைப் பிரதிபலித்து வெண்மையாக மினுங்கும்; போலரைசரைத் திருப்பினால் அந்த மினுக்கம் அடங்கி, உள்ளிருக்கும் பச்சை வெளிப்படும். ஆனால் வெள்ளம் நிற்கும் வயலில் பனையின் பிரதிபலிப்பை எடுக்கும்போது அதே கண்ணாடி அந்த உருவத்தையும் அழித்துவிடக்கூடும். அப்போது திருப்பி விடுங்கள், அல்லது கழற்றுங்கள். அது ஒளியையும் ஒன்று முதல் இரண்டு ஸ்டொப் வரை (ஒரு ஸ்டொப் என்றால் ஒளி பாதியாகும்) குறைப்பதால், ஷட்டர் கூடுதல் நேரம் திறந்திருக்க வேண்டிவரும்; காற்றில் பனையோலை ஆடும் மாலைகளில் படம் கலங்கும்.

அராலியிலிருந்து ஒருவர்: வழுக்கையாற்றுப் பக்கம் எப்போது போகலாம்?

மாரியில் மட்டுமே ஓடும் ஆறு என்பதால், நல்ல மழை பெய்து ஓய்ந்த மறுநாள் மாலையில் போங்கள். நவம்பரில் சூரியன் ஏறத்தாழ 5.45 மணிக்கு மறையும். ஒரு மணி நேரம் முன்னதாகவே முக்காலியை ஊன்றிவிடுங்கள். புரட்டாசியில் நேர் மேற்கே, இரண்டு பனைகளுக்கு நடுவே இறங்கிய சூரியன் கார்த்திகையில் ஏறத்தாழ 20 பாகை தெற்கே விலகியிருக்கும். பழைய இடத்தையே நம்பிப் போய், சூரியன் ஒரு வீட்டுக் கூரைக்குப் பின்னால் மறைவதைப் பார்த்துவிட்டு நான் வெறுங்கையோடு திரும்பியிருக்கிறேன். சேற்று வரம்பில் வழுக்கி விழுந்தது தனிக்கதை.

நெல்லியடியிலிருந்து ஒருவர்: கைபேசி போதுமா?

போதும். சட்டைப்பையிலிருந்து எடுத்தவுடன் வில்லையைத் துடையுங்கள்.