இதயத் தசைக்கு நுண்பள்ளம் எதற்கு?

கேள்வி: மாரடைப்பால் பழுதான இதயத்தை ஸ்டெம் செல்லை, அதாவது பலவகைச் செல்லாகவும் மாறக்கூடிய மூலச் செல்லைக் கொண்டு சீராக்கும் ஆய்வில், மைக்ரோமீட்டர் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவிலான பள்ளங்களையும் கால்வாய்களையும் பயன்படுத்துகிறார்கள் என்று படித்தேன். செல்களை வளர்த்து ஊசி மூலம் இதயத்தில் செலுத்தினால் போதாதா?

பதில்: போதாது என்பதைச் சோதனைகளே காட்டிவிட்டன. செலுத்தப்படும் செல்களில் பெரும்பகுதி சில நாட்களுக்குள் அடித்துச் செல்லப்படுகிறது அல்லது மடிந்துவிடுகிறது. எஞ்சியவை தம் போக்கில் துடித்தால் இதயத்துடிப்பின் ஒழுங்கு குலையும் என்பது 2014-இல் குரங்குகளில் நடந்த சோதனையில் தெரியவந்தது.

அடிப்படைச் சிக்கல் இன்னும் முன்னாலேயே தொடங்குகிறது. ஜப்பானிய ஆய்வாளர் ஷின்யா யாமனாகா 2006-இல் எலியின் தோல் செல்லையும் 2007-இல் மனிதத் தோல் செல்லையும் ஸ்டெம் செல் நிலைக்குத் திருப்பிக் காட்டிய பிறகு, துடிக்கும் இதயச் செல்லை உருவாக்குவது ஆய்வகங்களுக்கு எளிதாகிவிட்டது. ஆனால் அப்படிப் பிறக்கும் செல் கருவிலுள்ள குழந்தையின் இதயச் செல்லைப் போன்றது; முதிராதது, வலுவாகச் சுருங்கத் தெரியாதது. இதில் செல்லை மட்டும் குறை சொல்வது நியாயமல்ல என்பேன். வளர்ந்தவரின் இதயத்தில் ஒவ்வொரு தசைச் செல்லும் ஏறத்தாழ 100 மைக்ரோமீட்டர் நீளமுள்ள கோல் போல, பக்கத்துச் செல்லோடு ஒரே திசையில் வரிசையாக அமைந்து, மென்மையான சூழலில் இழுபட்டுக்கொண்டே இருக்கிறது. ஆய்வகத்திலோ அதைக் கடினமான, தட்டையான பிளாஸ்டிக் தட்டில் திசையே இல்லாமல் பரப்பிவிடுகிறோம்.

மின்னணுச் சிப் தயாரிப்பிலிருந்து கடன் வாங்கிய முறையில், மென்மையான சிலிகோன் பரப்பில் செல்லின் அகலத்துக்கு ஒத்த பள்ளங்களை வார்த்தெடுத்தால், செல்கள் அவற்றின் வழியே நீண்டு, ஒரே திசையில் சுருங்கப் பழகுகின்றன. சீரான மின்தூண்டல் அளித்தால் முதிர்ச்சி இன்னும் கூடுகிறது. கால்வாய்களின் வேலை வேறு: ஆக்சிஜன் ரத்தக்குழாய் இல்லாத திசுவுக்குள் 100 முதல் 200 மைக்ரோமீட்டர் வரையே ஊடுருவும் என்பதால், அதைவிடத் தடித்த திசுவின் நடுப்பகுதி மூச்சுமுட்டி இறந்துபோகிறது; அந்த நடுப்பகுதிக்கு ஆக்சிஜனைக் கொண்டுசேர்க்கும் வழிதான் கால்வாய்.

கேள்வி: அப்படியானால் இது நோயாளிக்கு வந்து சேர்ந்துவிட்டதா?

பதில்: தொடக்க நிலையில்தான். ஜப்பானின் ஒசாகா பல்கலைக்கழகத்தில் 2020 ஜனவரியில் ஒரு நோயாளியின் இதயத்தின் மேல் ஸ்டெம் செல்லிலிருந்து உருவாக்கிய இதயச் செல்களாலான மெல்லிய படலங்களைப் பொருத்தினார்கள். அவற்றின் தடிப்பு ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர், அதாவது ஆக்சிஜன் ஊடுருவும் தூரமாக மேலே சொன்ன அதே எல்லைக்குள். அவை இதயத்தோடு சேர்ந்து துடிக்கும் என்பதைவிட, சுரக்கும் பொருள்களால் புதிய ரத்தக்குழாய்கள் வளரத் துணைசெய்யும் என்பதே அங்கு முதன்மையான எதிர்பார்ப்பு.