பழைய லேப்டாப், ஜெராக்ஸ் மெஷின் வாங்கி விற்கும் தொழில்: எங்கே மாட்டிக்கொள்வீர்கள்?

கேள்வி: கோவையில் அலுவலகச் சாதனங்கள் விற்கும் ஒரு டீலரிடம் ஏழு வருடமாக சேல்ஸ் வேலை பார்க்கிறேன். வேலையை விட்டுவிட்டு மச்சானோடு சேர்ந்து சொந்தத் தொழில் தொடங்கப் போகிறேன். அலுவலகத்தைக் காலி செய்யும் கம்பெனிகளிடம் லேப்டாப், ஜெராக்ஸ் மெஷின் மொத்தமாக வாங்கி, சர்வீஸ் செய்து, திருப்பூர், பாலக்காடு பக்கமுள்ள சிறு கம்பெனிகளுக்கு விற்பதாகத் திட்டம். கூட்டு ஒப்பந்தம் எழுதி நோட்டரி கையெழுத்தும் வாங்கிவிட்டோம். முதல் சரக்காக 40 லேப்டாப்பும் 2 ஜெராக்ஸ் மெஷினும் பேசி வைத்திருக்கிறோம். விற்பனை 40 லட்சத்தைத் தாண்டும்வரை ஜி.எஸ்.டி. வேண்டாம் என்கிறார்களே, சரியா? வேலையை விட்டபின் இரண்டு வருடம் இதே தொழில் செய்யக் கூடாது என்று என் நியமனக் கடிதத்தில் இருக்கிறது, பிரச்சினை வருமா? வாங்கிய கம்பெனி பணத்தை இழுத்தடித்தால் 45 நாள் சட்டம் கைகொடுக்குமா? – வாசகர், கோவை.

பதில்: நீங்கள் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. அந்த 2 ஜெராக்ஸ் மெஷினும் விற்கிற கம்பெனிக்குச் சொந்தமானவைதானா? பெரிய அலுவலகங்களில் நிற்கும் காப்பியர்கள் பல, வாடகைக்கோ ஒரு காப்பிக்கு இத்தனை பைசா என்ற ஒப்பந்தத்திலோ வந்தவை. தன்னிடம் இல்லாத உரிமையை ஒருவர் பிறருக்குத் தர முடியாது என்கிறது சரக்கு விற்பனைச் சட்டம் 1930, பிரிவு 27. இதற்கு விதிவிலக்குகள் குறைவு. மெஷினின் உண்மையான உரிமையாளர் வந்து நின்றால், நீங்கள் யாருக்கு விற்றீர்களோ அவர் அதை இழப்பார். பிரிவு 14-ன்படி அவர் உங்களிடம் பணத்தைத் திருப்பிக் கேட்பார். உங்களுக்கு விற்ற கம்பெனியோ அதற்குள் ஊரைக் காலி செய்திருக்கும்.

ஆகவே அட்வான்ஸ் கொடுக்குமுன் சில காகிதங்களைக் கேளுங்கள். மாடலும் சீரியல் நம்பரும் உள்ள பட்டியல், அந்தச் சீரியல் நம்பர்கள் வரும் பழைய கொள்முதல் பில் அல்லது சொத்துப் பதிவேட்டு நகல், விற்க அதிகாரம் தந்து கம்பெனி லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம், இவை கட்டாயம். அது பிரைவேட் லிமிடெட் என்றால் கம்பெனி விவகார அமைச்சகத் தளத்தில் வங்கிக்கு அடமானப் பொறுப்பு பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வங்கியின் தடையில்லாக் கடிதம் வேண்டும். திவால் நடவடிக்கை தொடங்கியிருந்தால் பழைய மேனேஜர் கையெழுத்துக்கு மதிப்பில்லை. “பில் எதுக்குங்க, கேஷா குடுத்துருங்க” என்று அட்மின் மேனேஜர் சொன்னால் சரக்கை இறக்கவே வேண்டாம். திருட்டுப் பொருள் என்று நம்பக் காரணம் இருந்தும் நேர்மையற்ற முறையில் வாங்கினால் பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 317-ன்படி 3 ஆண்டு வரை சிறை உண்டு. சந்தை விலையில் பாதிக்கும் கீழே, பில்லும் இல்லாமல் வாங்கியதையே அந்தக் ‘காரணம்’ என்று போலீஸ் காட்டும்.

அடுத்து ஜி.எஸ்.டி. 40 லட்சம் வரம்பு சரக்கு மட்டும் விற்பவருக்கு. ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் (ஏ.எம்.சி.), சர்வீஸ் என்று சேவையும் சேர்ந்தால் வரம்பு 20 லட்சம். பாலக்காட்டுக்கு ஒரே ஒரு லேப்டாப் விற்றாலும் வெளிமாநில விற்பனை; வரம்பே கிடையாது, பதிவு கட்டாயம். சட்டம் ஒருபுறம் இருக்க, உங்கள் வாடிக்கையாளர்கள் கம்பெனிகள். உள்ளீட்டு வரி (வாங்கும்போது கட்டிய வரியை, விற்கும்போது கட்டும் வரியில் கழித்துக்கொள்வது) கிடைக்காத பில்லை அவர்கள் வாங்க மாட்டார்கள். முதல் நாளே பதிவு எடுங்கள்.

கணக்கைப் பாருங்கள். லேப்டாப் ஒன்று 9,000 வீதம் 40 என்றால் 3,60,000, அதற்கு 18% வரி 64,800. நீங்கள் 13,000 வீதம் விற்றால் 5,20,000, வரி 93,600. வித்தியாசமான 28,800-ஐ மட்டும் ரொக்கமாகக் கட்டுவீர்கள். ஆனால் உங்களுக்கு விற்ற கம்பெனி தன் விற்பனைக் கணக்கான ஜி.எஸ்.டி.ஆர்-1-ஐத் தாக்கல் செய்யாமல் கடையை மூடிவிட்டால் அந்த 64,800 உங்களுக்கான உள்ளீட்டு வரிப் பட்டியலான 2பி-யில் வராது, அத்தனையும் உங்கள் கைக்காசு. மாதாந்திரத் தாக்கல் செய்பவருக்கு அடுத்த மாதம் 11 கடைசி நாள், 2பி 14-ஆம் தேதி வரும். விலையை இப்போதும், வரித் தொகையை 2பி-யில் பார்த்தபிறகும் தருவதாக ஒப்பந்தத்தில் எழுதுங்கள். மூடும் கம்பெனியிடம் வாங்கும்போது இந்த ஒரு நிபந்தனைதான் உங்கள் லாபத்தைக் காக்கும்.

ஜி.எஸ்.டி. பதிவில்லாத தனிநபரிடம் வாங்கும் பழைய பொருளுக்கு ஜி.எஸ்.டி. விதி 32(5)-ல் வேறு வழி இருக்கிறது. உள்ளீட்டு வரி எடுக்காமல், பொருளின் தன்மையை மாற்றாத சிறு வேலை மட்டும் செய்து விற்றால், விலை வித்தியாசத்துக்கு மட்டும் வரி போடலாம். 9,000-க்கு வாங்கி 13,000-க்கு விற்றால் 4,000-க்கு 18%, அதாவது 720. சாதாரண முறையில் அது 2,340. இதற்குச் சீரியல் நம்பர் வாரியாகத் தனிக் கணக்கு வேண்டும். இரண்டு வகைச் சரக்கையும் ஒரே பில்லில் கலக்காதீர்கள்.

வண்டியில் அனுப்பும்போது தமிழ்நாட்டுக்குள் 1 லட்சத்துக்கு மேல் என்றால் இ-வே பில் (சரக்கு கொண்டுபோவதற்கான மின்னணுச் சீட்டு) வேண்டும். கேரள எல்லையான வாளையார் தாண்டினால் அந்த வரம்பு 50,000. ரொக்கத்தைத் தவிருங்கள். ஒரே பரிவர்த்தனையில் 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பணம் பெறுபவர் அதே அளவு அபராதம் கட்ட நேரும்.

45 நாள் விஷயத்தில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். நுண், சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான எம்.எஸ்.எம்.இ. சட்டம் 2006, பிரிவு 15, 16 ஆகியவை 45 நாளுக்குமேல் தாமதித்தால் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கு கூட்டு வட்டி தருகின்றன. ஆனால் வாங்கி விற்கும் வியாபாரிகளை 2021 ஜூலை 2 தேதியிட்ட மத்திய அரசுக் குறிப்பாணை, இந்தச் சட்டத்தின்கீழ் வரும் உத்யம் பதிவுக்குள் கொண்டுவந்தபோதே, வங்கிகளின் முன்னுரிமைக் கடன் என்ற பலன் மட்டும்தான் என்று வரம்பு கட்டிவிட்டது. உத்யம் சான்றிதழை பில்லில் அச்சடித்துவிட்டால் வட்டி வந்துவிடும் என்று நம்பாதீர்கள். சேவைக்கு இந்தத் தடை இல்லை. எனவே ஏ.எம்.சி.க்குத் தனி ஒப்பந்தம், தனி பில் போடுங்கள், உத்யம் பதிவில் சேவையையும் வேலை தொடங்குமுன்பே சேர்த்துவிடுங்கள்.

சரக்குக்கு உங்கள் பாதுகாப்பு நீங்களே எழுதுவதுதான். கடன் நாள், தாமத வட்டி, வழக்கு எந்த ஊரில் என்ற மூன்றும் கொட்டேஷனில் இருக்க வேண்டும். அந்தக் கொட்டேஷன் எண்ணைக் குறிப்பிட்டே பர்ச்சேஸ் ஆர்டர் வாங்குங்கள். பில்லின் அடியில் பொடி எழுத்தில் அச்சடித்ததை “நாங்கள் ஒப்புக்கொள்ளவில்லை” என்று வாதிடுவது எளிது. டெலிவரி சலானில் கம்பெனி சீலோடு தேதி வேண்டும். காசோலை திரும்பினால் வங்கி மெமோ கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ், காசோலை கொடுத்தவருக்குப் பணம் கட்ட 15 நாள், பிறகு ஒரு மாதத்துக்குள் புகார். பணம் கேட்டு வழக்குப் போட 3 ஆண்டு. கடன் நாள் குறித்திருந்தால் அது முடிந்த நாளிலிருந்து எண்ண வேண்டும். தொகை 3 லட்சமோ அதற்கு மேலோ என்றால் வணிக நீதிமன்றம். அவசரத் தடை கேட்காத வழக்கில் முதலில் சமரச மையத்துக்குப் போகாவிட்டால் மனுவே நிராகரிக்கப்படும்.

இந்த வழக்குகளைப் போட உங்கள் கூட்டு நிறுவனத்துக்குத் தகுதி வேண்டுமே! நோட்டரி கையெழுத்து பதிவு ஆகாது. கூட்டாண்மைச் சட்டம் 1932, பிரிவு 69-ன்படி பதிவு செய்யாத கூட்டு நிறுவனம் ஒப்பந்தத்தின் பேரில் வெளியாள் மீது வழக்குப் போட முடியாது. அவர் உங்கள் மீது தாராளமாகப் போடலாம். பதிவுத்துறையில் பதிந்துகொள்ளுங்கள். தொழிலுக்கு மச்சானின் இடத்தைப் பயன்படுத்துவதானால், அது வாடகைக்கா, முதலீடாகவா என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதுங்கள். குடும்பத்தில் சண்டை பெரும்பாலும் அங்கேதான் கிளம்பும்.

நியமனக் கடிதத்து நிபந்தனைக்கு அதிகம் பயப்பட வேண்டாம். வேலையை விட்டபின் தொழில் செய்யக் கூடாது என்ற தடை, ஒப்பந்தச் சட்டம் பிரிவு 27-ன்படி செல்லாது. வேலையில் இருக்கும்போது அது செல்லும். எனவே ராஜினாமா ஏற்கப்பட்டு விடுவிப்புக் கடிதம் கிடைக்குமுன் உங்கள் பெயரில் பில் போடாதீர்கள். முதலாளியின் வாடிக்கையாளர் பட்டியலை, விலைப் பட்டியலை பென் டிரைவில் எடுத்துப் போவது வேறு விவகாரம். இரகசியத்தை மீறியதாகத் தடையாணையும் இழப்பீடும் கேட்க அவருக்கு வழி உண்டு.

விற்கும்போது: கம்பெனி தன் தொழிலுக்காக வாங்குவதால் பெரும்பாலும் நுகர்வோர் நீதிமன்றம் வராது, சரக்கு விற்பனைச் சட்டம் வரும். பழைய பொருள், வாரண்டி 3 மாதம், பேட்டரிக்கு வாரண்டி இல்லை என்று வெளிப்படையாக எழுதுங்கள். காப்பியருக்கு வாரண்டி நாள் கணக்கைவிட கவுன்ட்டர் ரீடிங் (இதுவரை எடுத்த காப்பி எண்ணிக்கை) முக்கியம். டெலிவரி நாளில் ரீடிங்கை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். இல்லாவிட்டால் டிரம் தேய்ந்ததும் உங்களைத்தான் கூப்பிடுவார்கள். கிராக் செய்த விண்டோஸ் போட்டுக் கொடுப்பது பதிப்புரிமைச் (காப்பிரைட்) சட்டப்படி குற்றம். தயாரிப்பாளரே போட்டு மெஷினோடு வந்த ஓ.இ.எம். விண்டோஸ் உரிமம் மெஷினோடு போகும். பல மெஷின்களுக்குச் சேர்த்துக் கம்பெனி வாங்கிய வால்யூம் உரிமம் போகாது. பயாஸ் பாஸ்வேர்டும் கம்பெனி லாக்கும் நீக்கியிருக்கிறார்களா என்று சரக்கை எடுக்குமுன் ஒவ்வொன்றையும் ஆன் செய்து பாருங்கள். ஹார்டு டிஸ்கை அழித்ததற்குச் சீரியல் நம்பரோடு சான்று கொடுங்கள். பல காப்பியர்களுக்குள்ளும் ஹார்டு டிஸ்க் உண்டு, அதை எல்லோரும் மறப்பார்கள்.

மின்னணுக் கழிவு விதிகள் 2022, பழுது நீக்கி விற்பவரை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத் தளத்தில் பதியச் சொல்கின்றன. நுண் நிறுவனத்துக்கு விலக்கு உண்டு. ஆனாலும் பெரிய ஐ.டி. கம்பெனிகள் அந்தப் பதிவு இல்லாதவருக்குப் பழைய சரக்கைத் தரத் தயங்கும், ஏனெனில் கழிவைப் பதிவுள்ளவரிடமே ஒப்படைக்க வேண்டிய கடமை அவர்களுக்கு இருக்கிறது. சரியாகாத போர்டுகளையும் டோனர் டப்பாக்களையும் காயலான் கடையில் எடைக்குப் போடாமல், பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

இப்போதைக்கு 40 லேப்டாப்பை மட்டும் பட்டியலும் பில்லும் பார்த்து எடுங்கள். காப்பியர் இரண்டுக்கும் பழைய கொள்முதல் பில் வரும்வரை பணம் கொடுக்காதீர்கள்.