கேமின் நடுவே அணையும் கம்ப்யூட்டர்

கேள்வி: ஆர்.டி.எக்ஸ். 3070 கிராஃபிக்ஸ் கார்ட், ரைசன் 5 5600 புரொசெசர், 550 வாட் பவர் சப்ளை. பெரிய கேம் ஓடும்போது சட்டென்று நின்றுவிடுகிறது, நீலத்திரை வருவதில்லை. மற்ற வேலைகளுக்கு ஒரு குறையும் இல்லை. சூடுதான் காரணமென்று கடையில் புரொசெசர்மேல் சூடு கடத்தும் பேஸ்டை மாற்றிப் பூசினார்கள், பலனில்லை. 650 வீ.ஏ. யூ.பி.எஸ்.ஸில் கொழுவியிருக்கிறேன்.
- வாசகர், கல்லடி

பதில்: பேஸ்டுக்கு இன்னும் காசு செலவழிக்க வேண்டாம். சூடேறினால் புரொசெசரும் கார்ட்டும் முதலில் வேகத்தைக் குறைக்கும். கேம் தடங்கித் தடங்கி ஓடும். எச்சரிக்கையே இல்லாமல் நிற்பது பெரும்பாலும் மின்சாரக் கோளாறு. சந்தேகம் தீர, சூட்டை அளந்து பதியும் எச்.டபிள்யூ.இன்ஃபோ என்ற மென்பொருளில் பதிவை ஓடவிட்டுக் கேமைத் தொடங்குங்கள். நின்றபின் அந்தக் கோப்பின் கடைசி வரியில் புரொசெசர் 90, கார்ட் 93 பாகைக்கு நன்கு கீழே இருந்தால் சூட்டை மறந்துவிடலாம். விண்டோஸின் நிகழ்வுப் பதிவான ஈவண்ட் வியூவரில் 'கேர்னல்-பவர் 41' என்ற பிழையைக் கண்டு மிரள வேண்டாம். முறையாக அணையவில்லை என்பதற்குமேல் அது ஒன்றும் சொல்லாது.

நிற்கும் கணத்தில் மொனிட்டரைக் கவனியுங்கள். அதே யூ.பி.எஸ்.ஸில் இருக்கும் மொனிட்டரும் சேர்ந்து அணைந்தால், வெட்டுவது யூ.பி.எஸ். 650 வீ.ஏ. என்று பெட்டியில் இருந்தாலும் இந்த வகை தருவது பொதுவாக 360 முதல் 390 வாட்தான். கார்ட் 220, புரொசெசர் 76, மற்றவை 50 அல்லது 60. பவர் சப்ளையின் இழப்பையும் கூட்டினால் 400ஐ எட்டிவிடும். சோதனைக்கு டவரை நேரே 13 அம்பியர் சுவர்ப் பிளக்கில் கொழுவி ஓட்டிப்பாருங்கள்.

மொனிட்டர் எரிந்துகொண்டிருக்க டவர் மட்டும் நின்றால் பவர் சப்ளையைப் பாருங்கள். பின்பக்கச் சுவிட்சை அணைத்துச் சற்றுப் பொறுத்தால்தான் மறுபடி உயிர் வருகிறதென்றால், அதன் பாதுகாப்புச் சுற்று வெட்டியிருக்கிறது. 3070க்கு என்விடியா பரிந்துரைப்பது 650 வாட். ஏனெனில் கார்ட் சில மில்லிசெக்கன்களுக்குத் தன் அளவைவிட வெகு அதிகமாக இழுக்கும். கார்ட்டின் அமைப்புகளை மாற்றும் ஆப்டர்பர்னர் மென்பொருளில் பவர் லிமிட்டை (மின் உச்சவரம்பை) 70 சதவீதமாக்கினால் 154 வாட்தான். சூடு சரியாக இருந்து, இப்படி இறக்கியதும் அணைவது நின்றால் காரணம் உறுதி.

புதிது வாங்கும்முன் கார்ட்டுக்கு மின்சாரம் தரும் 8-பின் இணைப்புகளைப் பாருங்கள். ஒரே வயரின் இரட்டைத் தலையைக் கொழுவியிருந்தால் தனித்தனி வயர் போடுங்கள். சிலவேளை அத்தோடு தீரும். கல்லடிக் கடற்காற்றில் பின்கள் பச்சை பூப்பதும் உண்டு. வாங்கினால் 750 வாட் எடுங்கள். 'கோல்ட்' முத்திரை மின்சிக்கனத்துக்குத்தான், தரத்துக்கு அல்ல. பழைய பவர் சப்ளையின் மொடியூலர் (கழற்றி மாட்டும்) வயர்களைப் புதியதில் செருகவே வேண்டாம். பின்களின் வரிசை மாறியிருக்கலாம். ஹார்ட் டிஸ்க் எரிந்துபோகலாம்.

கேள்வி: எனக்குக் கேமின் நடுவே நீலத்திரை வந்து, தானே ரீஸ்டார்ட் ஆகிறது. இதுவும் பவர் சப்ளையா?
- வாசகி, சாய்ந்தமருது

பதில்: அநேகமாக இல்லை. நீலத்திரை காட்டும்வரை மின்சாரம் இருந்திருக்கிறதே! பயோஸில் (கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்புத் திரையில்) மெமரியின் வேகத்தைக் கூட்டும் எக்ஸ்.எம்.பி.யை நிறுத்திப்பாருங்கள். தீராவிட்டால் ரம் (மெமரி) அட்டைகளை ஒவ்வொன்றாகப் போட்டு, மெமரியைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86ஐ இரவு முழுக்க ஓடவிடுங்கள். ஒரு பிழை காட்டினாலும் அந்த ரம்மை மாற்றத்தான் வேண்டும்.