ஐம்பது வினாக்கொத்தை விலைக்கு வாங்கலாமா?

கேள்வி: நான் களுவாஞ்சிக்குடி. சிவில் பொறியியல் இறுதி வருடம். கடலுக்கும் வாவிக்கும் நடுவிலுள்ள ஒரு கிராமத்துக்கு வடிகான் வடிவமைப்பதுதான் என் செயற்திட்டம். கணக்கும் வரைபடமும் முடிந்துவிட்டன. இப்போது மேற்பார்வையாளர் ‘தொழில் அறநெறியும் சமூகத் தாக்கமும்’ என்று ஓர் அத்தியாயம் கேட்கிறார். டவுனில் ஒருவர் ஐம்பது வினாக்கொத்து நிரப்பி அத்தியாயமும் எழுதி 15,000 ரூபாய்க்குத் தருகிறாராம். எனக்கு ஆட்களிடம் போய்க் கதைக்கக் கூச்சம். வாங்கினால் பிழையா?

பதில்: வாங்காதீர்கள் மகள். இந்த ஆட்களை எனக்கு இருபது வருடமாகத் தெரியும். அவர்களிடம் இருப்பது ஒரே ஒரு கோப்பு. கிராமத்தின் பெயரை மாற்றி, ஆண் பெண் எண்ணிக்கையைக் கொஞ்சம் தட்டி, அதையே நாலு பேருக்கு விற்கிறார்கள். ஒருமுறை நான் வைவாவுக்கு (வாய்மொழிப் பரீட்சைக்கு) இருந்தபோது, வாகரைப் பக்கத்து வீதி ஒன்றைப் பற்றிய அறிக்கையில் ‘தோட்டத் தொழிலாளர் லயன் வீடுகள்’ என்று இருந்தது. கடலோர வாகரையில் ஏது தேயிலைத் தோட்டம், ஏது லயன்? அந்தப் பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு நின்றான். விற்றவருக்கு ஒன்றும் ஆகவில்லை. பாதிக் காசை முதலில் வாங்கிவிட்டு, கையளிக்கும் நாளுக்கு முதல்நாள் இரவு விலையைக் கூட்டுவதும் நடக்கிறது. ‘பார்த்து எழுத’ என்று உங்கள் வரைபடத்தைக் கேட்பார்கள், கொடுத்தீர்களோ, அடுத்த வருடம் அது வேறொருவருக்கு விலைபோகும். சீனியர் அண்ணா சொன்னாலும் வாட்ஸ்அப்பில் வந்தாலும் நம்பாதீர்கள்.

எல்லாவற்றையும் விட, ஐம்பது பேர் சொல்லாததைச் சொன்னதாக எழுதி அதற்குக் கீழே நீங்கள் கையெழுத்து வைக்கிறீர்கள். நாளைக்கு அந்த வடிகான் உண்மையாகவே வெட்டப்பட்டு ஒரு வீட்டுக் கிணற்றுக்குள் ஊத்தைத் தண்ணீர் இறங்கினால், ‘ஊர் சம்மதித்தது’ என்று காட்ட அந்தப் பொய்த் தாள்கள்தான் இருக்கும்.

கணக்கு முடிந்துவிட்டது என்கிறீர்களே, எனக்கு அதிலேயே சந்தேகம். மழையும் நில மட்டமும் பார்த்திருப்பீர்கள், சரி. மாரியில் வாவி நீர் ஏறினால் வடிகானின் வாய்க்கு என்ன ஆகும்? வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்தை எப்போது வெட்டுவது என்று வயற்காரரும் மீன்பிடிக்காரரும் இழுபடுகிற பக்கம் நம்முடையது, அந்த விவரம் ஊர் ஆட்களின் வாயிலிருந்துதான் வரும். கல்லோயா நீர்ப்பாசனத் திட்டத்தின் இடதுகரையிலும் இதுதான் கதை. 1949இல் தொடங்கிய திட்டம், முப்பது வருடம் போவதற்குள் கடைப்பக்கத்து வயல்களுக்குத் தண்ணீர் ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை. 1981இல் படித்த இளைஞர்களை ஊரிலேயே தங்கவைத்து, வயல் வாய்க்கால் ஒவ்வொன்றாக விவசாயிகளைக் கூட்டிப் பேசவைத்தார்கள். அதற்குப் பிறகு தலைப்பக்கத்துச் சிங்கள விவசாயிகள் தண்ணீரை முறைவைத்து மிச்சம்பிடித்துக் கடைப்பக்கத்துத் தமிழ் விவசாயிகளுக்கு விட்டார்கள். சீமெந்தால் மட்டும் வந்திருக்காத தண்ணீர் அது.

2014இல் இலங்கைப் பொறியியலாளர் நிறுவனம், பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்ளும் வாஷிங்டன் உடன்படிக்கையில் முழு உறுப்பினரானது. அந்த உடன்படிக்கை பட்டதாரியிடம் எதிர்பார்க்கும் பண்புகளில் கணிதத்தோடு அறநெறியும் சமூகமும் இருக்கின்றன. நாம் செய்வது என்ன? ஒரு சின்னப் பாடம், 1986 சலெஞ்சர் விண்கல விபத்தைப் பற்றிப் பத்து ஸ்லைட், தரம் பார்க்கும் குழு வந்தால் காட்ட ஒரு கோப்பு. அப்புறம் வரைபடமெல்லாம் முடிந்த பிறகு ‘ஓர் அத்தியாயம் சேருங்கள்’. முதல் வருடத்திலேயே வயலுக்குத் தண்ணீர் பங்கிடும் ஒரு வட்டவிதானையோடு ஒரு நாள் வயலில் நடக்க விட்டிருந்தால் உங்களுக்கு இந்தக் கூச்சமே வந்திருக்காது. எத்தனை கூட்டத்தில் சொல்லிவிட்டேன்!

உங்களுக்கு ஐம்பது வேண்டாம், பன்னிரண்டு வீடு போதும். வடிகான் தொடங்கும் இடத்தில் நாலு, நடுவில் நாலு, முடியும் இடத்தில் நாலு. அந்தக் கடைசி நாலையும் விட்டுவிடாதீர்கள், எல்லார் தண்ணீரும் வந்து விழுவது அங்கேதான். கிராம உத்தியோகத்தரிடம் பல்கலைக்கழகக் கடிதத்தைக் காட்டிவிட்டு, மாதர் சங்கத்து அக்கா ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள், கூச்சம் பாதி போய்விடும். மழைக்குத் தண்ணீர் எங்கே நிற்கும், எத்தனை நாள் நிற்கும், வடிகான் வந்தால் யாருக்குக் கரைச்சல் என்று கேளுங்கள். பெயர் எழுத வேண்டாம்.

நீங்களே கேட்காத தகவலை ஒரு சந்தர்ப்பத்தில் பாவிக்கலாம். பிரதேச செயலகத்தில் வெள்ளப் பாதிப்புப் பட்டியல் கிடைத்தால் எடுங்கள், ஆனால் எந்த வருடத்துப் பட்டியல், எதற்காக எடுத்தது என்று எழுதுங்கள். நிவாரணத்துக்கு எடுத்த பட்டியலில் பதிந்தவர்கள்தான் இருப்பார்கள். தண்ணீர் வந்ததும் அக்கா வீட்டுக்குப் போய் இருந்தவர் விடுபட்டிருக்கலாம், வாடகைக் குடும்பம் விடுபட்டிருக்கலாம், பதிவு நாளில் கூலி வேலைக்குப் போனவரும் விடுபட்டிருக்கலாம். ஆகவே பட்டியல் கையில் இருந்தாலும் அதில் இல்லாத மூன்று வீட்டையாவது தேடிப் போய்ப் பாருங்கள். ‘ஏற்கனவே எடுத்த டேட்டா’ என்று அந்த டவுன்காரர் தருவது இந்தக் கணக்கில் சேராது.

கேட்டு வந்த பிறகு வடிகான் முடியும் இடத்தை மாற்றவேண்டி வந்தால் மாற்றுங்கள். பழைய வரைபடத்தையும் அறிக்கையிலேயே வையுங்கள். வைவாவில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்த வீட்டுக் கிணற்றுக்காக மாற்றினீர்கள் என்று சொல்லுங்கள்.