இருண்ட அறிவியல் புனைவு மங்காவில் வசனமில்லாத பக்கங்கள்: வாசகர் எங்கே வழி தவறுகிறார்?

கேள்வி: 16 பக்கத்தில் ஒரு மங்கா (ஜப்பானிய பாணிப் படக்கதை) வரைந்திருக்கிறேன். கைவிடப்பட்ட ஒரு நிலத்தடி நகரம், அதில் தனியாக நடந்துபோகும் ஒரு பெண், அவளைப் பின்தொடரும் ஓர் இயந்திரம். ட்சுடோமு நிஹெயின் 'பிளேம்!' மங்காவைப் படித்த பாதிப்பில் முதல் ஏழு பக்கங்களுக்கு வசனமே வைக்கவில்லை. பார்த்த நண்பர்கள் எல்லோரும் "படம் சூப்பர், என்ன நடக்குதுன்னுதான் புரியல" என்கிறார்கள். வசனம் சேர்த்துவிடலாமா? மங்கா என்பதால் வலமிருந்து இடமாகத்தான் வரைய வேண்டுமா? பின்னணிக்கு முப்பரிமாண மாடல் பயன்படுத்தலாமா?

பதில்: வசனம் சேர்க்க அவசரப்படாதீர்கள். நீங்கள் அனுப்பிய பக்கங்களில் பேச்சு இல்லாதது ஒரு குறையாகவே எனக்குப் படவில்லை. இந்த வகைக் கதையில் 'ஏன் நடக்கிறது' என்பதை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் ஒளித்து வைக்கலாம். 'என்ன நடக்கிறது' என்பதை ஒரு பேனல் (படக்கட்டம்) நேரம்கூட ஒளிக்கக் கூடாது. அந்த இயந்திரத்தை அனுப்பியது யார் என்று கடைசிப் பக்கம்வரை தெரியாமல் போகட்டும். அது அவளுக்குப் பின்னால் இருக்கிறதா, முன்னால் இருக்கிறதா என்பது தெரிந்தே ஆக வேண்டும். உங்கள் முதல் ஏழு பக்கங்களில் 'ஏன்', 'என்ன' இரண்டும் ஒன்றாக இருட்டில் போய்விட்டன.

'பிளேம்!' 1997 முதல் 2003 வரை கோடன்ஷா பதிப்பகத்தின் 'ஆஃப்டர்நூன்' மாத இதழில் வந்து, 10 தொகுதிகளாக வெளியானது. அதில் பேச்சு குறைவு என்பது எல்லோருக்கும் தெரியும். பேச்சு ஏன் குறைவாக இருக்க முடிந்தது என்பதைத்தான் கவனிக்க வேண்டும். நாயகன் கில்லி எதைத் தேடி அலைகிறான் என்பது ஆரம்பத்திலேயே சொல்லப்பட்டுவிடுகிறது: நெட் டெர்மினல் ஜீன் என்ற மரபணு உள்ள மனிதர்கள். அந்த ஒரு வரி கைக்கு வந்துவிட்டதால், அடுத்த 30 பக்கங்களுக்கு அவன் படி ஏறினாலும் பாலம் கடந்தாலும் நாம் 'தேடுகிறான்' என்றே படித்துக்கொள்கிறோம். உங்கள் நாயகிக்கு அப்படி ஒரு வரி இல்லை. ஏழு பக்கமும் எங்கே போகிறாள், எதற்குப் போகிறாள் என்று தெரியாமலே அவளோடு நடக்கிறோம். முதல் பக்கத்தில் ஒரே ஒரு வரி கொடுங்கள். கையில் ஒரு வரைபடம் இருப்பதாகக் காட்டினாலும் சரி.

நிஹெயிடம் எடுத்துக்கொள்ள வேண்டிய இன்னொரு விஷயம் அளவு. அவர் மங்காவுக்கு வருவதற்கு முன் கட்டுமான நிறுவனத்தில் வேலை பார்த்தவர். அது பக்கத்துக்குப் பக்கம் தெரியும். அவர் வரையும் நகரத்தில் வானம் கிடையாது, தொடுவானமும் கிடையாது. அப்படியிருந்தும் அந்த இடம் எவ்வளவு பெரிது என்று நமக்கு உறைக்கிறது. காரணம், எங்காவது ஒரு மூலையில் ஒரு படிக்கட்டோ, கைப்பிடிக் கம்பியோ, நகத்தளவில் ஒரு மனித உருவமோ இருக்கும். மனிதனுக்காகச் செய்த ஒரு பொருள் இல்லாமல் எவ்வளவு பெரிய தூணை வரைந்தாலும் அது வெறும் கோடுதான். உங்கள் 2ஆம் பக்கத்தில் உள்ள பெரிய கூடம் அரங்கமா, அலமாரியின் உட்புறமா என்று சொல்ல முடியவில்லை. சுவர் ஓரமாக ஒரு சின்ன ஏணி வரைந்தால் தீர்ந்தது.

கில்லியின் ஆயுதத்தையும் பாருங்கள். கைத்துப்பாக்கி அளவில் ஒரு சாதனம், அது போடும் ஓட்டை கிலோமீட்டர் கணக்கில் போகிறது. ஆயுதத்தின் பலத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. சுட்டவனே பின்னால் தூக்கி எறியப்படுவதும், துளைபட்ட சுவர்களின் நீளமும் அதைச் சொல்லிவிடுகின்றன. சின்னக் காரணம், பெரிய விளைவு. இரண்டையும் அடுத்தடுத்து வைத்துவிட்டால் வார்த்தைக்கு அங்கே வேலை இல்லை.

சரி, உங்கள் 3ஆம் பக்கத்துக்கு வருவோம். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. ஆறு பேனல்கள், ஏறக்குறைய எல்லாம் ஒரே அளவு: நடக்கும் பெண், தாழ்வாரம், கேபிள்கள், இயந்திரத்தின் கண், அவள் கால், கதவு. முதல் பேனலில் அவள் இடமிருந்து வலமாக நடக்கிறாள், ஐந்தாவதில் கால் வலமிருந்து இடமாகப் போகிறது. திரும்பி ஓடுகிறாள் போல என்று நினைத்தேன். அடுத்த பக்கத்தைப் பார்த்த பிறகுதான் இல்லை என்று தெரிந்தது. கண் வரும் பேனலில் பின்னணி முழுக்கக் கறுப்பு, அதனால் அது எங்கிருந்து பார்க்கிறது என்பதற்குத் துப்பே இல்லை. போதாக்குறைக்கு அவள் கறுப்பு முடி கறுப்புச் சுவரோடு கலந்து, முகம் மட்டும் தனியாக மிதக்கிறது.

நானாக இருந்தால் இப்படி மாற்றுவேன். பேனல் நான்கு போதும். முதல் பேனல் பக்கத்தின் முழு அகலத்துக்கு: நீண்ட தாழ்வாரம், நடுவில் சின்னதாக அவள், தூரத்தில் மேலே குழாய்களுக்கு நடுவே குழாய் போலவே தொங்கும் ஒரு வடிவம். இரண்டாவதும் முழு அகலம், அதே கோணம், அதே தாழ்வாரம். அவள் நாலு அடி முன்னால் வந்திருக்கிறாள். மேலே அந்த வடிவத்தைக் காணோம். வேறு எதையும் மாற்றாதீர்கள், ஒரு கேபிளைக்கூட. மூன்றாவது சின்ன பேனல்: கால் நிற்கிறது. நான்காவது, கண். பின்னணியில் தாழ்வாரத்தின் தரைக்கோடு ஒன்று தெரிந்தால் போதும், அது அவளுக்குப் பின்னால் இருப்பது புரிந்துவிடும். முதல் தடவையே குழாய்களைக் கவனித்த வாசகருக்கு மூன்றாவது பேனலிலேயே பயம் வந்துவிடும். கவனிக்காதவர் நான்காவதைப் பார்த்துவிட்டு மேலே திரும்பிப் போய்த் தேடுவார். அந்தத் தேடலுக்காகத்தான் வசனத்தை விட்டோம்.

கறுப்பு மையைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். கதை இருண்டதாக இருந்தால் பக்கமும் இருண்டிருக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். நிஹெயே பின்னாளில் 'நைட்ஸ் ஆஃப் சிடோனியா'வில் (2009–2015) பக்கத்தை நிறைய வெள்ளையாக விட்டார். மனிதகுலத்தில் மிஞ்சியவர்கள் ஒரு விண்கப்பலில் தப்பி அலையும் கதை அது. வெள்ளையால் பயம் ஒன்றும் குறைந்துவிடவில்லை. கட்சுஹிரோ ஓட்டோமோவின் 'அகிரா'வில் (1982–1990) ஒரு நகரமே இடிகிறது. ஓட்டோமோ கட்டடங்களை ஸ்கேல் வைத்ததுபோல் நேர்கோடுகளில், ஜன்னல் ஜன்னலாக வரைந்து வைத்திருப்பதால்தான் அவை உடையும்போது மனசு பதறுகிறது. உங்கள் நகரம் முதல் பேனலிலேயே இடிந்து கிடக்கிறது. அப்புறம் இடிவதற்கு என்ன இருக்கிறது?

எனவே பென்சில் நிலையிலேயே ஒவ்வொரு பக்கத்துக்கும் தீப்பெட்டி அளவில் ஒரு சின்ன மாதிரி போடுங்கள். கறுப்பு, வெள்ளை, ஒரே ஒரு சாம்பல், அவ்வளவுதான். ஜப்பானில் 'நேம்' என்று சொல்லும் முதல் வரைவிலேயே பேனல் பிரிப்பையும் வசனம் விழும் இடத்தையும் முடிவுசெய்துவிடுவார்கள். நீங்கள் கூடவே மை எங்கே விழும் என்பதையும் முடிவுசெய்துகொள்ளுங்கள். வாசகரின் கண் முதலில் போகும் இடம், கறுப்பும் வெள்ளையும் பட்டென்று முட்டும் இடம். அங்கே உங்கள் நாயகியோ இயந்திரமோ இருக்க வேண்டும். இப்போது உங்கள் 6ஆம் பக்கத்தில் அந்த இடத்தில் ஒரு மின்விசிறி இருக்கிறது.

பின்னணிக்கு முப்பரிமாண மாடல் பயன்படுத்தலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். தாராளமாக. ஹிரோயா ஓகு 'கான்ட்ஸ்' தொடரில் (2000–2013) கணினியில் உருவாக்கிய பின்னணிகளை நிறையவே பயன்படுத்தினார். மாடலிலிருந்து வரும் கோடுகள் எல்லாம் ஒரே தடிமனில் இருக்கும் என்பதுதான் சிக்கல். முன்னால் இருப்பவற்றை மட்டும் கையால் மறுபடி தடிமனாக இழுத்துவிடுங்கள்.

திசை விஷயம். தமிழில் வசனம் எழுதப்போகிறீர்கள் என்றால் இடமிருந்து வலமாகவே வரையுங்கள். மங்காவில் ஜப்பானிய எழுத்து வலப்பக்கத்திலிருந்து மேலிருந்து கீழாக ஓடுகிறது, அதனால் பேனலும் அதன் கூடவே ஓடுகிறது. பலூனுக்குள் (வசனக் குமிழிக்குள்) இடமிருந்து படித்து, பேனலை வலமிருந்து படிக்கச் சொல்வது வாசகருக்கு வீண் வேலை. ஜப்பானிய மங்காவின் உயரமான, ஒடுங்கிய பலூனையும் அப்படியே எடுக்காதீர்கள். 'கண்டுபிடித்துவிட்டார்கள்' என்ற ஒரு சொல்லை அதற்குள் அடைக்க இரண்டு தடவை உடைக்க வேண்டியிருக்கும். அகலமான பலூன், குறைந்த சொல்.

திசை எதுவானாலும் பக்கம் திருப்பும் கணக்கு ஒன்றுதான். இயந்திரம் முதல்முறையாக முழுசாகத் தெரிவதை 5ஆம் பக்கத்தில் வைத்திருக்கிறீர்கள். அச்சுப் புத்தகத்தில் 4ஐத் திறந்ததுமே எதிரே 5 கண்ணில் பட்டுவிடும், அதிர்ச்சி அங்கேயே வீண். அதை 6க்குத் தள்ளி, 5இன் கடைசி பேனலில் அவள் திரும்பிப் பார்ப்பதோடு நிறுத்துங்கள். கைபேசியில் கீழே தள்ளிப் படிக்கும் வடிவத்தில் வெளியிடுவதாக இருந்தால் பக்கம் திருப்புவதே கிடையாது. இரண்டு பேனல்களுக்கு நடுவே ஒரு திரை உயரத்துக்கு வெறும் கறுப்பை விட்டால் அந்த வேலை நடக்கும். நீங்கள் மையை அள்ளிக் கொட்ட வேண்டிய இடம் அதுதான்.

வசனமில்லாத பக்கங்களை ஏழிலிருந்து நான்காகக் குறைப்பதும் நல்லது. 10 தொகுதி ஓடும் கதையில் 30 பக்கம் நடக்கவிடலாம், 16 பக்கக் கதையில் பாதியை நடைக்கே கொடுத்தால் முடிவுக்கு இடம் இருக்காது. 2, 7 ஆகிய பக்கங்களை எடுத்துவிட்டாலும் கதை நகர்கிறது, சரிபார்த்துக்கொள்ளுங்கள். இன்னொரு பக்கம் எது என்பதை நீங்களே முடிவுசெய்யலாம். 2ஐ எடுப்பதாக இருந்தால் ஏணி வேலையும் மிச்சம். பக்கங்களை எடுத்த பிறகு எண்கள் மாறும், இயந்திரம் இரட்டைப்படை எண்ணிலேயே விழும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, உங்கள் கோப்பில் புள்ளி டோன் (சாம்பல் நிறம்போல் தெரியும் புள்ளி நிழல்) போட்டுவிட்டு அதைச் சின்னதாக்கி அனுப்பியிருக்கிறீர்கள். அதனால்தான் சுவர்களில் அலை அலையாகக் கட்டம் விழுகிறது. அச்சுக்கு என்றால் 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) கறுப்பு-வெள்ளையாக வைத்து, அளவை முடிவுசெய்த பிறகு டோன் போடுங்கள். இணையத்துக்கு மட்டும் என்றால் புள்ளி டோனே வேண்டாம், சாதாரணச் சாம்பல் நிறம் போதும்.